கொங்குல ஓடணும்னா இட்டேரிக்கும் வாய்க்கா மேட்டுக்கும் வாங்க

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊரிலும் காலையில் ஓடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் பெரும்பாலான குழுக்கள் போய் நிற்பது பைபாஸ் சர்வீஸ் ரோட்டில். லாரிப் புகை, எதிர்த்திசையில் வரும் பைக், காலுக்கு அடியில் கல்லு மாதிரி ரோடு. இதே கொங்கு மண்ணில் எழுநூறு வருஷத்து வாய்க்கால் கரை கிடக்கிறது, கிளுவைச் செடி வேலிக்கு நடுவே இட்டேரி என்கிற மண் வண்டித்தடம் கிடக்கிறது. ஓடுகிறவர்கள் அந்தத் தடங்களுக்கு வர வேண்டும், ஆனால் நாலு பேராக வர வேண்டும், நானூறு பேராக வரக்கூடாது. இதைத்தான் விளக்கமாக எழுத நினைத்தேன்.

முதலில் காலிங்கராயன் வாய்க்கால். பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, 1283 வாக்கில் முடித்ததாகச் சொல்கிறார்கள். பவானித் தண்ணீரை நொய்யல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்க்கால், நீளம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மேட்டு நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டியதால் வளைந்து வளைந்து போகும். ஓடுகிறவருக்கு இதனால் இரண்டு லாபம். ஏற்ற இறக்கம் அநேகமாகக் கிடையாது, இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைத்து ஓடும் நாளுக்கு இதைவிட நல்ல தடம் கிடைக்காது. இரண்டாவது, நேர் ரோட்டில் வரும் சலிப்பு வராது. ஒவ்வொரு வளைவுக்கும் காட்சி மாறும், மஞ்சக் காடு, கரும்பு, வாழை, நெல் என்று.

ஆனால் அணையிலிருந்தே ஓட ஆரம்பிக்காதீர்கள். ஈரோடு நகரத்தைத் தாண்டுகிற வரைக்கும் தோல், சாயப் பட்டறைப் பகுதி, வீட்டுச் சாக்கடை, குப்பை. கழிவு வாய்க்காலில் கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என்று ஒன்றைத் தனியாக வெட்ட வேண்டி வந்த இடம் அது. ஊர் முடிந்து தெற்கே போன பிறகுதான் தடம் ஓடத் தகுந்ததாகும். காவிரி நடுவே பாறைமேல் நிற்கும் நட்டாற்றீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டுத் தெற்கே கிளம்பலாம். இந்தப் பக்கத்தில் பெரிய வசதி, ஈரோடு–கரூர் ரயில் பாதை காவிரியை ஒட்டியே போவது. பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி என்று வரிசையாக ஸ்டேஷன். போன வழியே திரும்பி ஓட வேண்டியதில்லை, ஒரு ஸ்டேஷனில் இறங்கி அடுத்ததற்கோ அதற்கடுத்ததற்கோ ஓடி, பாசஞ்சரில் ஏறித் திரும்பிவிடலாம். பாசஞ்சர் வண்டிகள் குறைவு, ஆகவே திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடிப் பக்கம் வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது.

கோபிப் பக்கத்து ஆட்களுக்குக் கொடிவேரி இருக்கிறது. அந்த அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் கரைகள் நிழல் நிறைந்தவை. அணைக்கட்டுப் பகுதியில் விடுமுறை நாளில் கூட்டம், எனவே அதை ஓட்டத்தின் நடுவில் வைக்காமல் விடியற்காலையில் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பவானி வாய்க்கால் வேறு ரகம். பவானிசாகர் அணையோடு 1950-களில் வந்தது, 200 கிலோமீட்டர் நீளம். பள்ளத்துப் பக்கக் கரை அகலமாக, ஜீப் போகும் தடத்தோடு இருக்கும். அதில்தான் ஓட வேண்டும். மேட்டுப் பக்கக் கரையில் பல இடத்தில் மழைத் தண்ணீர் அறுத்துவிட்டிருக்கும். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் ஓடும் காலத்தில் கரை ஓரத்தை விட்டு இரண்டு மூன்றடி உள்ளே தள்ளியே ஓடுங்கள். மண் கரை உள்ளே ஊறி, மேலே காய்ந்த மாதிரி தெரியும், ஓரத்தில் கால் வைத்தால் சரியும். உள்ளே இழுப்பும் ஆழமும் அதிகம், நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறிவர இடம் கிடைக்காது. கால் நனைக்க ஆசைப்பட்டால் படித்துறை உள்ள இடத்தில் மட்டும். இந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி விவசாயிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தண்ணீர் கடைசிவரை வந்து சேராத கடைமடைக்காரர் கவலை ஒன்று, கசிவு நீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவர் கவலை இன்னொன்று. அதில் ஓடுகிறவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த முடிவானாலும் கரை மரங்கள் வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு, நான் கேட்கிறேன்.

இப்போது இட்டேரிக்கு வருகிறேன், என் மனசு முழுக்க இதில்தான். காங்கேயம், சிவன்மலை, வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மேய்ச்சல் கொறங்காடுகளுக்கு நடுவே ஒரு வண்டி அகலத்துக்குப் போகும் மண் தடம். இரண்டு பக்கமும் முள்ளுக் கிளுவை, இடையில் பிரண்டை, கோவைக்கொடி, ஆவாரை. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நின்று பார்க்கும் காங்கேயம் மாடு. கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், மழை பெய்ததும் வேலி முழுக்கப் பச்சை. ஆகவே காட்சிக்காகப் போகிறவர்கள் ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை முதல் மாசி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் சூரியன் வரவே ஆறரை ஆகிவிடும், ஐந்து மணிக்குக் கிளம்பி இருட்டில் இட்டேரிக்குள் நுழைய வேண்டாம். விரியன் தடத்து மண்ணில் படுத்திருக்கும் நேரம் அது. தலையில் டார்ச் இருந்தாலும் ஓடும் வேகத்தில் கண்ணுக்குப் படாது.

இட்டேரி இரண்டு பக்கக் காட்டைவிடத் தாழ்வாக இருப்பதால் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடியும். பல இடத்தில் மணல் சேர்ந்திருப்பதும் அதனால்தான். மணலில் கிலோமீட்டருக்கு முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் கூடுதலாகும். வாட்ச்சைப் பார்த்து அதை ஈடுகட்டப் போனால் கெண்டைக்கால் தசை பிடிக்கும். எட்டி வைக்கும் நீளத்தைக் குறைத்து, அடியை அடிக்கடி வைத்து ஓடுங்கள். வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளத்தில் ஓடாமல் நடுவில் மாடு மிதித்த மேட்டில் ஓடினால் கணுக்கால் பிழைக்கும். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் ஓடலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் உள்ள இடத்தில் மூன்று நாலு நாள் விட வேண்டும். ஈரக் கரிசல் ஷூவில் அப்பி ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடிவிடும், முட்டிதான் வாங்கும்.

முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பிரபலமாக இருக்கும், அடியில் தடித்த மெத்தை வைத்த மாரத்தான் ஷூ இங்கே உதவாது. சீமைக்கருவேல முள் அந்த மெத்தையை நேராகத் துளைத்துப் பாதத்தைத் தொடும். அடியில் கெட்டித் தகடு வைத்த டிரெயில் ஷூ போடுங்கள். இடுப்புப் பையில் ஒரு ஊக்கு, சின்ன சாமணம், பஞ்சு. முள் உள்ளே ஒடிந்துவிட்டால் அதோடு மேலும் ஓடாதீர்கள். எடுத்துவிட்டு, அன்றே டிடி ஊசி நிலவரத்தையும் பாருங்கள்.

சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருந்தால் நாய் இருக்கும், ஓடுகிறவரைத் துரத்துவது அதன் வேலை. நாய் குலைத்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகு காட்டாதீர்கள், கல்லைத் தேடாதீர்கள். அதைவிட நல்ல வழி, சாளை கண்ணில் பட்டதுமே நடைக்கு மாறி “ஏனுங்க, இந்த இட்டேரி எங்கீங்க போய்ச் சேருது?” என்று குரல் கொடுப்பது. வீட்டுக்காரர் குரலைக் கேட்டதும் நாய் அடங்கிவிடும். “யாரு ஊட்டுத் தம்பிங்க? எதுக்குங்க ஓடறீங்க?” என்று கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். சில இட்டேரி ஒரு தோட்டத்துக்குள் போய் முடிந்துவிடும், கேட்காமல் தெரியாது. போனில் சாட்டிலைட் படத்தில் இணையாகப் போகும் இரண்டு பச்சைக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் இட்டேரி. ஆனால் நடுவில் அடைத்திருக்கிறதா என்பதைப் படம் காட்டாது. படல் (முள், குச்சி வைத்துக் கட்டிய கதவு) சாத்தியிருந்தால் கேட்டுவிட்டுத் திறங்கள், தாண்டியதும் கட்டுங்கள். ஒரு படலைத் திறந்து போட்டால் ஒரு குடும்பம் அன்றைக்குப் பூராவும் மாட்டைத் தேடும்.

சரித்திரம் பார்த்து ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு அறச்சலூர்ப் பக்கம். நாகமலைக் குகையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் தாளச் சொற்கட்டுகளை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓடாநிலை, தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இரண்டையும் கிராமத் தடங்களில் ஒரே காலையில் தொடலாம். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் வடகரையில் கொடுமணல். சங்க நூலான பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுதான். இரும்பும் எஃகும் உருக்கிய உலை, மணி செய்த பட்டறை எல்லாம் தோண்டி எடுத்த இடம். படியூர்ப் பச்சைக்கல் இங்கே மணியாகி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடல் தாண்டியிருக்கிறது. வயலில் நிற்கும் கல்வட்டங்கள்மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம், கீழே கிடக்கும் பாசிமணியைப் பையில் போட வேண்டாம். நொய்யல் தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே திருப்பூர்ச் சாயம் கலந்து வந்த ஆறு அது, காலில் சின்னக் காயம் இருந்தால்கூட இறங்கக் கூடாது.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா அல்ல. அந்த மாதங்களில் முதல் பாதியை மேற்கு நோக்கி எதிர்காற்றில் ஓடிவிட்டு, களைத்த பிறகு கிழக்கே திரும்புங்கள். மாற்றிச் செய்தால் கடைசி ஐந்து கிலோமீட்டர் நடையாகிவிடும், கண்ணிலும் மண். பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும். ஊர்க் குழாயில் பிடிப்பதானால் ஆத்துத் தண்ணியா போர்த் தண்ணியா என்று கேட்டுப் பிடியுங்கள். போர்த் தண்ணி பல ஊரில் உப்பு, ஓட்டத்தின் நடுவில் வயிற்றைக் கலக்கும்.

தொண்டாமுத்தூர், ஆனைமலை, சத்தியமங்கலம் என மலையடிவாரத் தடங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அழகுதான். யானை தோட்டத்துக்கு வந்து திரும்பும் நேரமும் நாம் ஓடும் நேரமும் ஒன்று. நன்றாக விடிவதற்கு முன் அங்கே வேண்டாம், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து இட்டேரியில் மாரத்தான் வைக்காதீர்கள். ஒரு வண்டி அகலத் தடத்தில் முந்நூறு பேர் போனால் இரண்டு பேர் வேலியில்தான் விழுவார்கள். ஸ்பீக்கர் சத்தத்துக்குக் கட்டுத்தறி மாடு கயிற்றை அறுக்கும். வண்டி வர வசதி என்று ஜேசிபி விட்டு இரண்டு பக்கக் கிளுவையை வழித்துவிடுவார்கள், அங்கே அப்புறம் கம்பி வேலிதான் வரும். பெரிய ஓட்டத்துக்கு ரோடு இருக்கிறது. அதற்காக இட்டேரியை யாரும் மிதிக்காமல் விட்டுவிடவும் கூடாது, ஆள் நடமாட்டம் நின்ற தடத்தைச் சீமைக்கருவேல் இரண்டு மழையில் மூடும், அப்புறம் பக்கத்துக் காட்டோடு சேர்த்து உழுதுவிடுவார்கள். மூன்று நாலு பேராக, வாரம் ஒரு தடம் என்று மாற்றி மாற்றி ஓடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அடைபட்ட இட்டேரி இருந்தால் விஏஓ அலுவலகத்தில் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். வண்டிப்பாதை என்று அதில் இருந்தால் கிராம சபையில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம். ஊர்ப் பேரோடு கமெண்டில் போடுங்கள், அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் சேர்ந்துகொள்ளட்டும்.