பன்னிரண்டு கத்தி எதற்கு?

மனைவிக்குப் பரிசாக 12 சமையல் கத்திகள் கொண்ட செட் வாங்கலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். புழங்குவது இரண்டுதான்: எல்லாவற்றையும் நறுக்க 8 அங்குல செஃப் கத்தி, பூண்டு மிளகாய்க்குச் சின்னது ஒன்று. மற்றதெல்லாம் மரக்கட்டையில் செருகியபடியே நிற்கின்றன.

ஜப்பான் கத்திகள் பல, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல். கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் விளிம்பு தெறித்துவிடும். நம் சமையலுக்கு 56-58 உள்ள ஜெர்மன் வகையே தேவலை. கூடவே 1000 கிரிட் (சொரசொரப்பு அளவு) சாணைக்கல்லும் வாங்குங்கள். நறுக்குவதற்குக் கண்ணாடிப் பலகை வேண்டவே வேண்டாம், கூர் மழுங்கிவிடும்.

அப்புறம், கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று மாமியார் முகம் சுளித்தார். மனைவி என் கையில் ஒரு ரூபாயைத் திணித்து, "சரி, விலைக்கு வாங்கிவிட்டேன்" என்றாள்.