எல்.ஆர்.ஜி.1 ரத்தப் பரிசோதனை விழித்திரைப் பரிசோதனைக்கு மாற்றாகுமா?

எல்.ஆர்.ஜி.1 என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்தாலே சர்க்கரை நோயால் வரும் பார்வையிழப்பை முன்னறியலாம், அதை அடக்கும் மருந்தும் வந்துவிட்டது, இனி விழித்திரைப் பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை என்று மதுரை, மேலூர், உசிலம்பட்டி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது.

அதில் உண்மை துளியும் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1977-இல் மனித ரத்த சீரத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, நெடுங்காலம் பெரிதாக ஆராயப்படாமல் கிடந்த இப்புரதம், விழித்திரையில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டுகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். எதிர்ப்புரதம் கொண்டு அதைத் தடுத்தபோது எலிகளின் கண்ணில் அவ்வளர்ச்சி குறைந்தது. எலிக்குப் பலித்தது மனிதருக்கு மருந்தாகிவிடாது. இன்று மருத்துவமனைகளில் கண்ணுக்குள் போடப்படும் ஊசி பெரும்பாலும் வி.இ.ஜி.எஃப். என்ற வேறொரு புரதத்தைத் தடுப்பது. செய்தியை எழுதியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை பற்றிய கூற்றுதான் அதைவிட ஆபத்தானது. உடலில் எங்கு அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் இப்புரதத்தைக் கூடுதலாகச் சுரப்பதால், குடல்வால் அழற்சியிலும் சில புற்றுநோய்களிலும்கூட இதன் அளவு உயரும். ஜப்பானில் இது குடல் அழற்சி நோயைக் கண்காணிக்கவே பயன்படுகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் பார்வை மங்காது என்பதால், ஆண்டுதோறும் செய்யும் விழித்திரைப் பரிசோதனையை இந்தச் செய்தியை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.