சாய்தளமா, சறுக்கு மரமா?

ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சாய்தளத்துக்கு இவ்வளவுதான் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். எங்கள் ஊர் அரசு அலுவலகத்தில் நாலே அடியில் முடித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஏறச் சொல்கிறார்களா, பல்டி அடிக்கச் சொல்கிறார்களா? அதன் வாயிலும் நாலு பைக். மாற்றுத்திறனாளிக் கழிவறையில் துடைப்பமும் பினாயிலும் குடியிருக்கின்றன. "யாரையாவது அனுப்பலாமே சார்?" என்பார்கள். அனுப்பினால், "சம்பந்தப்பட்டவர் நேரில் வரணும்."

2016-லேயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு. பழைய கட்டடங்களைச் சரிசெய்யத் தந்த ஐந்து வருடக் கெடுவும் 2022-ல் முடிந்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோவதற்கான அணுகல் விதிகளை மூன்று மாதத்தில் கட்டாயமாக்குங்கள் என்றது. சரி, மனு கொடுக்கலாம் என்றால், மனு வாங்கும் மேஜை எங்கே? மாடியில். லிஃப்ட்? ஆபரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறாராம், காலை பத்தரைக்கு!