கரை உடையும் ஆண்டில் சந்தா யார் கட்டுவது?
வங்கதேசத்தின் சிறு நீர்வளத் திட்டங்களில் (வெள்ளத்தைத் தடுக்கும் கரை, மதகு, வாய்க்கால் போன்றவை) பராமரிப்புச் செலவை உள்ளூர்ச் சங்கங்களே உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி ஏற்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்நாட்டின் 1999 தேசிய நீர்க் கொள்கையும் இதைத்தான் சொன்னது: 5,000 ஹெக்டேர் வரையிலான திட்டங்களின் நிர்வாகம் படிப்படியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும், பராமரிப்புப் பணமும் உள்ளூரிலேயே திரட்டப்படும். சரி, பணம் அதிகம் தேவைப்படுவது எப்போது? வெள்ளம் வந்து கரை உடைந்த ஆண்டில். அப்போதுதான் நெல்லும் போயிருக்கும், சந்தா கட்டக் கையில் ஒன்றும் இருக்காது. நல்ல விளைச்சலில் சேர்த்து வைக்கலாம்தான். ஆனால் கரை உறுதியாக நிற்கும்போது காசு கேட்டால் யார் தருவார்கள்?

அப்புறம், எல்லோருக்கும் ஒரே சந்தா என்பதும் நியாயமில்லை. மதகை மூடினால் நெல் தப்பிக்கும், மீன் உள்ளே வராது. மீனவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? குத்தகைக்காரர் கட்டும் பணத்தில் நிலத்தின் மதிப்பு உயர்வது உரிமையாளருக்குத்தான். எனவே நிலப்பரப்பை வைத்து உரிமையாளரிடமே வசூலிக்கலாம். நிலமற்றவர்களுக்கு மண் வேலையைக் கூலிக்குக் கொடுக்கலாம் (அங்கே தொழிலாளர் குழுக்கள் வழியாக இது ஏற்கெனவே நடக்கிறது). மதகுக் கதவுக்கு எண்ணெய் போடுவது, வாய்க்காலைத் தூர்வாருவது போன்ற சில்லறைச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். உடைந்த கரையைக் கட்டும் பணம் அரசு பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் அடுத்த மழைக்கு முன்பே.