விழுந்த கணக்கு

(காலி மைதானம். 61 வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆடிட்டர் தரையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதுகிறார். கற்றுத்தருவது தம்பி மகள் செல்வி, எட்டாம் வகுப்பு. சைக்கிளும் அவளுடையதுதான். அவர் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. ஆனால் ஓசி வண்டியைக் குறை சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை.)

செல்வி: முதலில் எழுந்திருங்கள் பெரியப்பா.

பெரியப்பா: இரும்மா. பதிவு போடாமல் எழுந்தால் கணக்கு விட்டுப்போகும்.

செல்வி: என்ன கணக்கு?

பெரியப்பா: விழுந்த கணக்கு. தேதி, பக்கம், காரணம். 35 வருஷம் ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவன் நான். என் விஷயத்தில் மட்டும் விட்டுவிட முடியுமா?

செல்வி: (நோட்டை வாங்கி) "1. காற்று. 2. கல். 3. நாய். 4. நாய். 5. நாய், தூரத்தில். 6. நாய் வருகிறதா என்று பார்த்ததால்." அந்த நாய் மரத்தடியில் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறது?

பெரியப்பா: தூங்குவதுபோல் நடிக்கிறது.

செல்வி: காரணத்தில் ஓரிடத்தில்கூட நீங்கள் இல்லையே.

பெரியப்பா: இருந்தால் எழுத மாட்டேனா?

செல்வி: சரி, பக்கத்தைப் பாருங்கள். இடது, இடது, இடது... 14 தடவையும் இடது.

பெரியப்பா: (கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு) அட! எங்கள் ஆபீஸாக இருந்தால், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற கணக்கைத்தான் முதலில் தோண்டுவோம்.

செல்வி: வண்டி இடப்பக்கம் சாயும்போது ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்?

பெரியப்பா: வலப்பக்கம். விழுகிற பக்கமே போக எனக்கென்ன பைத்தியமா?

செல்வி: அதுதான் தப்பு. சாய்கிற பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரம் உங்களுக்கு அடியில் வந்து தாங்கும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்திப் பார்த்ததில்லையா? அது சாய்கிற பக்கம்தானே கையை நகர்த்துவோம்?

பெரியப்பா: இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

செல்வி: சொன்னேன். தலையாட்டினீர்கள். 14 தடவை கீழே விழுந்த பிறகுதான் காதில் விழுகிறது.

பெரியப்பா: விழுந்து விழுந்து கற்க நான் என்ன குழந்தையா? ரைட் சகோதரர்கள் கணக்குப் போட்டுத்தானே விமானம் செய்தார்கள்?

செல்வி: அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள், தெரியுமா? 1901-இல் செய்த கிளைடர், அதாவது என்ஜின் இல்லாத விமானம், கணக்குப்படி தூக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் தூக்கியது.

பெரியப்பா: கூட்டலில் பிழையோ?

செல்வி: இல்லை. காற்றின் அழுத்தத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் நம்பிப் போட்டுவந்த எண்ணே தப்பு. அப்புறம் அவர்களே மரப்பெட்டியில் காற்றை ஓடவிட்டு, சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

பெரியப்பா: (குரல் தழுதழுக்க) நூறு வருஷமாக ஆடிட்டே நடக்கவில்லையா?

செல்வி: 1903 டிசம்பர் 17-இல் பறந்தார்கள். முதல் தடவை 12 விநாடி.

பெரியப்பா: நான் நேற்று 9 விநாடி.

செல்வி: அதில் 5 விநாடி நான் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். அன்றைக்கு நாலாவது தடவை 59 விநாடி பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று விமானத்தைப் புரட்டிப்போட்டு உடைத்துவிட்டது.

பெரியப்பா: பார்த்தாயா! "காரணம்: காற்று." என் முதல் பதிவை இனி யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

செல்வி: ஏறுங்கள் பெரியப்பா.

(ஏறுகிறார். நாலு மிதி. வண்டி இடப்பக்கம் சாய்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமே திருப்புகிறார். நிமிர்கிறது! இன்னும் எட்டு மிதி. மரத்தைத் தாண்டியதும் தொப்பென்று சத்தம்.)

செல்வி: (ஓடி வந்து) அடி பட்டதா?

பெரியப்பா: வலது! செல்வி, வலப்பக்கம் விழுந்திருக்கிறேன்! நோட்டை எடு!

செல்வி: காரணம் என்ன போடட்டும்?

பெரியப்பா: (முழங்கால் மண்ணைத் தட்டியபடி) அளவுக்கு மேல் திருப்பிவிட்டேன் என்று போடு. பென்சிலில் எழுது.

செல்வி: அவ்வளவுதானா?

பெரியப்பா: (மரத்தடியைப் பார்த்து) கீழே சின்னதாக நாயையும் சேர்த்துக்கொள். இத்தனை நாள் எழுதிவிட்டுத் திடீரென்று விட்டால் அது என்ன நினைக்கும்?