கற்றல் பாணி டெஸ்ட் பற்றி ஒரு திருத்தம்

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று கண்டுபிடித்து, அந்த வழியிலேயே கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள், மேற்படிப்பையும் அதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம் என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருப்பது உண்மை. ஆனால் விருப்பப்பட்ட வழியில் கற்பித்ததால் கூடுதலாகக் கற்றார்கள் என்று காட்டப் போதுமான சான்று கிடைக்கவில்லை. யோசித்தாலே புரியும்: 'கேட்டுக் கற்பவர்' என்று முத்திரை வாங்கிய பிள்ளைக்கும் முக்கோணத்தின் கோணங்களைப் புரிந்துகொள்ளப் படம் வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடம்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். 'லேர்னிங் ஸ்டைல்ஸ்: கான்செப்ட்ஸ் அண்ட் எவிடன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் அவர்கள் எழுதிய கட்டுரையின் சுருக்கம் கிடைக்கும். அப்புறம், டெஸ்ட் விற்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என இரு வகைப் பிள்ளைகளையும் கலந்து இரு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழியாகக் கற்பித்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தீர்களா? அவரவர் வழியில் படித்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்களா? அந்த முடிவைக் காட்டாமல் வெறும் பாராட்டுக் கடிதங்களைக் காட்டினால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பாதையை அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.