சிப் ஒண்ணுதான், சாஃப்ட்வேர் ஒண்ணு இல்ல

2024ல வந்த ஐபேட் ப்ரோலயும் மேக்லயும் ஆப்பிளோட அதே எம்4 சிப்தான் இருக்கு, அதனால மேக்ல ஓடுற எல்லா சாஃப்ட்வேரும் ஐபேட்லயும் ஓடும்னு ஒருத்தர் சொல்லியிருக்காங்க, நிறைய பேர் அத ஷேரும் பண்றீங்க. சிப் பத்தி சொன்னது சரிதாங்க. ஆனா எந்த சாஃப்ட்வேர் ஓடும்னு முடிவு பண்றது ஆபரேட்டிங் சிஸ்டம், ஐபேட்ல இருக்கிறது ஐபேட்ஓஎஸ், மேக்ல இருக்கிறது மேக்ஓஎஸ், மேக்ஓஎஸ்ஸுக்குன்னு எழுதுன புரோகிராம ஐபேட்ல இன்ஸ்டால் பண்ண முடியாது.

நீங்களே பாத்துக்கலாம். எக்ஸ்கோடுன்னு (ஆப் எழுதுறதுக்கு ஆப்பிள் குடுக்குற சாஃப்ட்வேர்) ஆப் ஸ்டோர்ல தேடி அந்தப் பக்கத்துல எந்தெந்த டிவைஸ்ல ஓடும்னு போட்டிருக்கிற இடத்தப் பாருங்க, மேக் மட்டும்தான் இருக்கும். அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவங்க இன்னும் சுலபமா, ஆபீஸ்ல மேக்ரோ (திரும்பத் திரும்ப செய்ற வேலைய தானா செய்ய வைக்கிற சின்ன புரோகிராம்) போட்டு வச்சிருக்கிற ஒரு எக்ஸெல் ஃபைல ஐபேட்ல தொறந்து பாருங்க, ஃபைல் தொறக்கும், நம்பர மாத்தலாம், ஆனா மேக்ரோ ஓடாது. வீடியோ எடிட் பண்ற ஃபைனல் கட் ப்ரோ 2023ல ஐபேடுக்கு வந்துச்சு, உண்மைதான், ஆனா அது தனியா செஞ்ச வெர்ஷன், ஐபேட்ல எடிட் பண்ணத மேக்குக்கு கொண்டு போகலாம், மேக்ல செஞ்ச புராஜெக்ட ஐபேட்ல தொறக்க முடியாது.

படம் வரையுறவங்களுக்கு ஐபேட் அருமையான சாமான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஒரு லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி, நீங்க தினமும் யூஸ் பண்ற சாஃப்ட்வேர் பேர ஒவ்வொண்ணா ஆப் ஸ்டோர்ல தேடிப் பாத்துட்டு வாங்குங்க.